ஏரிக்கரை ஊரும் துடுப்பு வீச்சும்

நியூ யோர்க் மாநகரிலிருந்து வடமேற்குத் திசையாக ஏறக்குறைய நான்கு மணி நேரம் மோட்டார் வண்டியிற் சென்றால், பசுங்குன்றுகளுக்கிடையே ஒதுங்கிக் கிடக்கும் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரை அடையலாம். நிரந்தரமாக வாழ்வோர் தொகை 2,000 ஐக்கூட எட்டாத ஊர் அது. ஊரின் வடபால் ஒட்செகோ என்னும் ஏரி 9 மைல் நீளத்துக்கு விரிந்து, காற்றில்லாத வேளைகளிற் கண்ணாடி போலக் கிடக்கின்றது. ஏரியின் தென்கோடியில், ஊரை ஒட்டியே, சஸ்குவெஹானா நதி புறப்படுகின்றது. புறப்படும் இடத்தில் அதனை நதியென்று சொல்ல மனம் வராது; நம் ஊர் வாய்க்காலிலும் சற்றே அகலமானது, அவ்வளவுதான். அந்த நீரே 444 மைல் தூரம் ஓடி, செசப்பீக் விரிகுடாவைச் சேருமுன் பெருநதியாகி விடுகின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் கூப்பர் என்பவர் இவ்வூரை நிறுவினார். அவருடைய புதல்வரே நாவலாசிரியர் ஜேம்ஸ் பெனிமோர் கூப்பர். ஆயினும், கோடைகாலத்தில் இங்கு வந்து குவியும் சனங்கள் நாவலாசிரியரைத் தேடி வருபவரல்லர். பேஸ்போல் என்னும் ஆட்டத்தின் நூதனசாலையும் புகழ் மண்டபமும் இங்கே இருக்கின்றன. 1939 ஆம் ஆண்டு யூன் 12 ஆந் திகதி திறந்துவைக்கப்பட்ட அம்மண்டபம் இவ்வூரில் அமைந்தமைக்கு ஒரு கதை உண்டு. அப்னர் டபிள்டே என்னும் போர்வீரர் 1839 இல் இவ்வூரிலேயே இவ்வாட்டத்தைக் கண்டுபிடித்தார் என்று ஓர் ஆணைக்குழு 1907 இல் முடிவு கூறியது. அந்த ஆண்டில் அவர் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியிற் பயின்றுகொண்டிருந்தார் என்பதும், இங்கிலாந்திலிருந்து வந்த பழைய பந்தாட்டங்களிலிருந்தே பேஸ்போல் சிறுகச் சிறுக வளர்ந்தது என்பதும் பின்னர் ஆராய்ச்சியாளர் தெளிவுபடுத்திய உண்மைகள். பொய்யான ஓர் ஐதிகத்தின்மேல் உண்மையான ஒரு மண்டபம் எழுந்துவிட்டது. ஊரார் இப்போது அதனைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளுகின்றனர்.

முன்னாளில் நம்மிடம் பௌதிகவியல் பயின்று, இப்போது நியூ யோர்க்கிற் பொறியியலாளராக இருக்கும் மாணாக்கர் ஒருவரே நம்மை அங்கு அழைத்துச் சென்றார். கிரிக்கெட்டைத் தவிர வேறொரு துடுப்பாட்டத்தையும் அறியாத நமக்கு, வழியிலேயே அவர் பாடம் தொடங்கிவிட்டார்.

"சேர், இந்த நாட்டிலே ஒரு துடுப்பாட்டக்காரனைப் பற்றிப் பேச்செடுத்தால், அவனுடைய வீச்சு நீளமானதா, அடக்கமானதா என்றுதான் முதலிற் கேட்பார்கள். பையனைப் பயிற்றுபவரும் அதையே கேட்பார், கோடிக் கணக்கிற் சம்பளங் கொடுக்கும் முதலாளியும் அதையே கேட்பார்."

அடக்கம் என்ற சொல் நம் மனத்திற் பதிந்தது. ஒரு பொருள் கையடக்கமாக இருக்கின்றது என்கிறோம். ஒரு மனிதர் அடக்கமானவர் என்றும் சொல்லுகிறோம். துடுப்பை வீசுவதில் அடக்கம் என்பது யாது? அது எதற்காக? கூப்பர்ஸ்டவுனிற் கழித்த இரண்டு நாட்களும் இந்த வினாவிலேயே கழிந்தன என்று கூறின் மிகையாகாது.

கால் விநாடியிற் கட்டுண்ட ஆட்டம்

கிரிக்கெட்டை அறிந்த நம் வாசகர்களுக்கு இவ்வாட்டத்தை இரண்டொரு வசனங்களில் அறிமுகப்படுத்தலாம். பந்தெறிபவர் நிற்பது 60 அடி 6 அங்குலத் தூரத்தில், 10 அங்குலம் உயர்ந்த ஒரு மண்மேட்டின்மேல். பந்து நிலத்திற் குத்தாமல் நேரே வருகின்றது. துடுப்பு தட்டையானதன்று, உருண்டையானது, அதன் மிகப் பருத்த பாகமும் 2.61 அங்குல விட்டத்துக்கு மேற்படலாகாது. உருண்டையான பந்தை உருண்டையான தடியால் அடிக்க வேண்டும். அடித்த பந்து முன்பக்கத்து எல்லைக் கோடுகள் இரண்டுக்கும் இடையிலேயே செல்ல வேண்டும். விக்கெட்டுக்குப் பின்னால் மெல்லத் தட்டிவிட்டு ஓட்டம் எடுக்கும் நம்முடைய உபாயத்துக்கு அங்கே இடமில்லை. பத்து முறை முயன்று மூன்று முறை வெற்றியாக அடிப்பவர் சிறந்த ஆட்டக்காரர் எனப் போற்றப்படுகின்றார். அதனை ஆயிரத்துக்கு 300 என்ற கணக்கிற் கூறுவர்.

இனிக் காலத்தின் கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 95 மைல், அதாவது ஏறக்குறைய 153 கிலோமீற்றர் வேகத்தில் எறியப்படும் பந்து, எறிபவர் கையை விட்டுத் துடுப்பாட்டக்காரரை அடைய ஏறக்குறைய 0.4 விநாடியே ஆகின்றது. துடுப்பை வீசத் தொடங்கிப் பந்தைத் தொடுவதற்கு 0.15 விநாடி அளவிற் போய்விடும். எஞ்சியிருப்பது கால் விநாடி. பந்து எங்கே வருகின்றது, நேரே வருமா வளையுமா, அடிப்பதா விடுவதா என்பன யாவும் அந்தக் கால் விநாடிக்குள்ளே தீர்மானிக்கப்பட வேண்டும்.

பந்து அவ்வேகத்தில் ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கில் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர், நம் கணக்கில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த தூரம், முன்னேறிவிடும். ஒருவருடைய வீச்சு மற்றொருவருடைய வீச்சிலும் நூற்றில் இரண்டு பங்கு விநாடி கூடுதலாக எடுத்தால், அவர் பந்தை இரண்டு முழம் குறைவாகப் பார்த்தே தீர்மானத்துக்கு வரவேண்டியவராகிறார். வளைந்து வரும் பந்து தன் சூழ்ச்சியை வெளிப்படுத்துவது பெரும்பாலும் அந்தக் கடைசி முழங்களிலேதான். நெடுவீச்சுக்காரர் முன்கூட்டியே ஊகிக்க வேண்டியிருக்கின்றது. அடக்கமாக வீசுபவர் கண்டபின் அடிக்கலாம். ஆகவே அடக்க வீச்சு தேடித் தருவது பலத்தையன்று, காலத்தை.

நூதனசாலையில் டெட் வில்லியம்ஸ் என்பவரின் நினைவாக அமைந்த காட்சி ஒன்று இதனைக் கண்ணுக்குக் காட்டுகின்றது. துடுப்பாட்டக்காரர் அடிக்க வேண்டிய வெளியை 77 பந்துகளால் நிரப்பி, ஒவ்வொரு பந்தின் மேலும், அவ்விடத்தில் வரும் பந்தைத் தாம் எந்த அளவுக்கு வெற்றியாக அடிக்கக்கூடும் என்று அவர் மதிப்பிட்ட எண்ணைப் பொறித்திருக்கின்றனர். அவ்வெளியின் நடுவில் வரும் பந்துக்கு 400. தாழ்ந்து வெளிப்புற மூலையில் வருவதற்கு 230. ஒரே மனிதர், ஒரே துடுப்பு; பந்தைத் தெரிந்தெடுப்பதில் மாத்திரம் இத்துணை வேறுபாடு. தெரிந்தெடுக்க நேரம் வேண்டும். நேரத்தைத் தருவது அடக்க வீச்சு.

வில்லியம்ஸ் 1941 ஆம் ஆண்டின் கடைசி நாளன்று காலையில் 400 க்கு மயிரிழை குறைந்த நிலையில் இருந்தார். கணக்கை முழுமைப்படுத்தினால் 400 என்றே பதிவாகும். ஆடாமல் உட்கார்ந்திருந்தாலும் எவரும் குறை கூறியிருக்க மாட்டார். அவரோ அன்று பிலடெல்பியாவில் நடந்த இரு ஆட்டங்களிலும் ஆடி, எட்டு முறையில் ஆறு முறை வெற்றியாக அடித்து, 406 உடன் ஆண்டை முடித்தார். அமெரிக்க லீக், தேசிய லீக் ஆகிய இரண்டிலும் அதன்பின் எவரும் 400 ஐ எட்டியதில்லை.

வலைக்கு முன்னால் ஒரு சிறுவன்

நூதனசாலையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் டபிள்டே மைதானம். ஒரு காலத்தில் மாடுகள் மேய்ந்த புற்றரை என்று சொல்லுகின்றனர். இப்போது செங்கல் முகப்புடன் அழகாக விளங்குகின்றது. கோடையில் அயலூர்களிலிருந்து பன்னிரண்டு வயதுச் சிறுவர்களின் அணிகள் பல இவ்வட்டாரத்துக்கு வந்து, ஒரு வாரம் தங்கி ஆடிச் செல்வது வழக்கம். அன்று மாலை ஊர்ப்புறத்துப் பயிற்சித் திடல் ஒன்றில் அத்தகைய அணியொன்று பயின்றுகொண்டிருந்தது. நாமும் வேலியோரமாக நின்று பார்த்தோம்.

ஒரு சிறுவன் மாத்திரம் தனியே, ஒரு கம்பிவலைக்கு முன்னால் நிறுத்தப்பட்டிருந்தான். துடுப்பின் அடிக்கும் முனையை வலையிலும் பிடிமுனையைத் தன் வயிற்றிலும் வைத்துத் தூரத்தை அளந்து, அங்கேயே நின்று, வலையிற் படாமல் துடுப்பை வீச வேண்டும். வீசினான், துடுப்பு வலையில் மோதிக் கலகலத்தது. மீண்டும் வீசினான், மீண்டும் அதே ஓசை. மற்றச் சிறுவர் திரும்பிப் பார்த்தனர். அன்று காலை ஆட்டத்தில் அவன் மூன்று முறை ஆடச் சென்று, மூன்று முறையும் பந்தைத் தொடாமலே வெளியேறினான் என்றும், மறுநாள் ஆட்டத்துக்கு அவன் பெயர் இன்னும் எழுதப்படவில்லை என்றும் பக்கத்தில் நின்ற ஒருவர் கூறினார். சற்று அப்பால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றவர் அவனுடைய தகப்பனார் என்பது முகச்சாயலிலேயே தெரிந்தது.

பயிற்றுநர் வயது முதிர்ந்தவர். நமது கேள்வியை மாணாக்கர் மூலமாகக் கேட்டதும், அவர் ஒரு துடுப்பை எடுத்து, பொறுமையாக விளக்கலானார். அவர் கூறியவற்றைத் தொகுத்துத் தருகின்றோம்.

வீச்சு நீள்வதற்கு முதற் காரணம், பந்து வருமுன்னே கைகளை மிகப் பின்னுக்கு இழுத்து, முன்கையை முழங்கை மடியாதபடி விறைப்பாகப் பூட்டிவிடுதல். பூட்டிய கை வளையாது; ஆகவே துடுப்பு வெளியே பெரிய வட்டமிட்டே வரவேண்டும். இரண்டாவது, வீசத் தொடங்கியவுடன் இரு கைகளும் உடம்பை விட்டு அகன்று போதல். தூண்டிற்காரன் தூண்டிலை எறிவதுபோல, துடுப்பின் தலை முதலிலேயே வெளியே போய்விடுகின்றது. அச்சிறுவனின் துடுப்பு வலையில் மோதியது இக்குற்றத்தினாலேயே. மூன்றாவது, பின்தோளைத் தாழ்த்தி, கிணற்றில் வாளி கொண்டு மொள்ளுவதுபோலத் துடுப்பைக் கீழே இறக்கி மேலே வாருதல். நான்காவது, இடுப்புத் திரும்புமுன்னே தோளைத் திருப்பி, கைப்பலத்தை மாத்திரம் நம்பி வீசுதல்.

அடக்க வீச்சோ கீழிருந்து தொடங்குகின்றது. முன்பாதம் நிலத்தில் ஊன்றுகின்றது, இடுப்புத் திரும்புகின்றது, அதன் பின்னரே தோளும், அதன் பின்னரே கையும் வருகின்றன. வலக்கை ஆட்டக்காரனாயின், அவனுடைய வலது முழங்கை விலாவை ஒட்டி இறங்குகின்றது. கைகள் மார்புக்கு அண்மையிலேயே திரும்புகின்றன. துடுப்பின் தலை கடைசியிலேதான் சாட்டைபோல வெளியே பாய்கின்றது. முன்கையின் கக்கத்தில் ஒரு கையுறையைச் செருகி வைத்துப் பயிற்றுவதும் உண்டாம். பந்தை அடிக்கும்வரை கையுறை விழாதிருந்தால் கைகள் உடம்போடு சேர்ந்து திரும்பின என்று பொருள்.

"பந்தை அடையும்வரை குறுகியிரு, அடைந்தபின் எவ்வளவும் நீளலாம்," என்றார் முதியவர்.

பின்னர் அவர் சிறுவனிடமிருந்த துடுப்பை வாங்கி, "தம்பி, இதனை ஒரு கையாற் பக்கவாட்டில் நீட்டிப் பிடி, பார்ப்போம்," என்றார். சிறுவன் பிடித்தான். பத்து எண்ணுவதற்குள் கை நடுங்கி, துடுப்பின் முனை தாழ்ந்துவிட்டது. பயிற்றுநர் ஒன்றும் பேசாமல், இரண்டு அங்குலம் குட்டையான மற்றொரு துடுப்பைக் கொடுத்தார்.

தகப்பனார் அருகில் வந்தார். "அது புதிய துடுப்பு. இந்த வாரத்துக்கென்றே வாங்கினேன். அடுத்த வருடமும் உதவும் என்று சற்றுப் பெரிதாகவே எடுத்தேன்," என்றார். அக்குரலில் வாதமில்லை, வருத்தமே இருந்தது. பள்ளிச் சீருடையை வளர்த்திக்கு விட்டுத் தைக்கும் நம் ஊர்ப் பெற்றாரை நாம் நினைத்துக்கொண்டோம். சீருடை பெரிதானால் மடித்துத் தைக்கலாம். துடுப்பு பெரிதானால் அதன் பாரம் கைகளை வெளியே இழுக்க, பிள்ளையின் வீச்சே நீண்டுவிடுகின்றது.

"துடுப்பு நல்லதுதான். அடுத்த வருடம் கொண்டுவாருங்கள்," என்றார் பயிற்றுநர்.

பௌதிகம் கூறும் நியாயம்

அன்றிரவு ஏரிக்கரையில் உலாவியபோது மாணாக்கரே உபாத்தியாயராகிவிட்டார். ஒரு கயிற்றின் நுனியிற் கல்லைக் கட்டிச் சுழற்றினால், கயிறு நீள நீளச் சுழற்றத் தொடங்குவது கடினமாகின்றது என்பதை எல்லோரும் அறிவர். சுழலும் பாரம் அச்சிலிருந்து இரண்டு மடங்கு விலகினால், திரும்புதற்கு அது காட்டும் தடை நான்கு மடங்காகும் என்பது மாணாக்கர் பாடப் புத்தகத்திற் படிக்கும் விதி. சுற்றி ஆடும் நர்த்தகி கைகளை நெஞ்சோடு சேர்த்தவுடன் வேகங்கொண்டு சுழல்வதும் இவ்விதியினாலேயே.

துடுப்பாட்டக்காரரின் அச்சு அவருடைய முதுகந்தண்டு. துடுப்பும் கைகளும் அதற்கு அண்மையில் இருக்கும்வரை உடம்பு விரைந்து திரும்புகின்றது. அந்த வேகத்தைப் பெற்றபின் துடுப்பை வெளியே விடுவித்தால், இடுப்பின் வேகம் தோளுக்கும், தோளின் வேகம் கைக்கும், கையின் வேகம் துடுப்பின் நுனிக்கும் கைமாறிச் செல்லுகின்றது. கைகளை முதலிலேயே நீட்டிவிட்டவர், பாரத்தைத் தூரத்தில் வைத்துக்கொண்டு உடம்பைத் திருப்ப முயல்கின்றார். பலசாலிக்கும் அது தாமதமே.

பந்து மேட்டிலிருந்து சற்றுச் சரிந்து இறங்கி வருவதனால், துடுப்பும் சற்றே மேல்நோக்கிச் செல்ல வேண்டும் என்று வில்லியம்ஸ் கற்பித்தார். அது கிணற்றில் வாளி மொள்ளும் வீச்சன்று. பந்தின் பாதையும் துடுப்பின் பாதையும் ஒன்றோடொன்று படிந்து சில அங்குலத் தூரம் செல்லுமாயின், கணிப்பு இம்மியளவு தவறினும் பந்து துடுப்பிற் பட்டுவிடும். பந்தின் பாதைக்குள் நுழையும்வரை உள்ள நீளம் வீண். நுழைந்தபின் உள்ள நீளம் பயனுடையது.

வெண்கலத் தகடுகளின் முன்னே

மறுநாட் காலை புகழ் மண்டபத்தினுள் மீண்டும் சென்றோம். தெரிந்தெடுக்கப்பட்ட ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் முகவுருவம் பொறித்த வெண்கலத் தகடு ஒன்று சுவரிற் பதிக்கப்பட்டிருக்கின்றது. 1936 இல் முதன்முதலாகத் தெரிவான ஐவரில் ஒருவர் பேப் ரூத். அவரே நெடுவீச்சின் பேரரசர். 40 அவுன்சுக்கு மேற்பட்ட துடுப்பைக் குதிகாலிலிருந்து திரட்டிய பலத்தோடு வீசி, 1927 இல் மாத்திரம் 60 முறையும், வாழ்நாளில் 714 முறையும் பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பியவர். கிரிக்கெட் மேதை டொனால்ட் பிரட்மன் 1932 இல் அமெரிக்கா சென்றபோது நியூ யோர்க்கில் இவரைச் சந்தித்து உரையாடியிருக்கின்றார். ஆனால் ரூத் பந்தைத் தவறவிட்டு ஆட்டமிழந்த தடவைகள் 1,330.

சிறிது அப்பால் ரொனி கிவின். சான் டியாகோ அணிக்கு இருபது பருவங்கள் ஆடி, எட்டு முறை தேசிய லீக்கின் தலைசிறந்த துடுப்பாட்டக்காரராக விளங்கியவர். 2007 இல் இம்மண்டபத்திற் சேர்க்கப்பட்டவர். சிறிய துடுப்பு, சிறிய வீச்சு. அவர் பந்தைத் தவறவிட்டு ஆட்டமிழந்தது 434 தடவைகளே. தம் வீச்சைப் படம்பிடித்து மீண்டும் மீண்டும் பார்த்துத் திருத்தும் பழக்கத்தை 1983 அளவிலேயே மேற்கொண்ட முன்னோடியும் அவரே.

2025 இல் யப்பானைச் சேர்ந்த இச்சிரோ சுசுக்கியின் தகடும் இங்கே இடம்பெற்றது. இம்மண்டபத்திற் புகுந்த முதல் ஆசிய ஆட்டக்காரர் அவர். 2004 ஆம் ஆண்டில் 262 வெற்றி அடிகள் அடித்து, அதற்குமுன் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நின்ற சாதனையை முறியடித்தார். அவருடைய உடம்பு பந்தை நோக்கி முன்னே நகரும். கைகளோ பின்னாலேயே காத்திருக்கும். உடம்பு முந்தினும் கை முந்தாமையே அவருடைய இரகசியம்.

இச்சிரோவின் தகட்டைப் பார்த்து நின்றபோது, அவருடைய நாட்டின் முந்திய தலைமுறைப் பெருவீரர் சடஹாரு ஓவின் நினைவு வந்தது. 1959 முதல் 1980 வரை யப்பானிய லீக்கில் ஆடி 868 முறை பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பியவர் அவர். தொடக்கத்தில், வீசுமுன் கைகளை அலைக்கும் குற்றம் அவரிடம் இருந்தது. 1962 இல் ஹிரோஷி அரகாவா என்னும் ஆசான் அவரை ஒற்றைக் காலில் நின்று காத்திருக்கப் பயிற்றினார். கூரையிலிருந்து தொங்கவிட்ட கடதாசித் துண்டை வாளால் வெட்டவும் பயிற்றினார். வாள் வளைந்து சுற்றி வந்தால் கடதாசி அசைந்து விலகுமேயன்றி அறுபடாது. நேர்வழியில், குறுகிய வழியில் வந்தால் மாத்திரமே அறுபடும். ரூத்தைக் காட்டிலும் 154 முறை கூடுதலாக எல்லை கடக்கச் செய்தவர் இந்த வாட்பயிற்சி பெற்றவர் என்பதை, அடக்கம் என்றால் பலவீனம் என்று எண்ணுவோர் சிந்திக்க வேண்டும்.

நெடுவீச்சு எப்போதும் குற்றமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. துடுப்பு ஓடும் தூரம் கூடினால் வேகம் பெறுவதற்கு இடமும் கூடும். 2024 ஆம் ஆண்டு முதல், மைதானங்களிற் பொருத்திய கமராக்களின் உதவியால் ஒவ்வொரு வீச்சின் வேகத்தையும் நீளத்தையும் அளந்து வெளியிட்டு வருகின்றனர். சராசரி வீச்சு ஏறக்குறைய 7.3 அடி நீளம். மணிக்கு 72 மைல் வேகம். லூயிஸ் அராயஸ் என்பவரின் வீச்சு ஏறக்குறைய 6 அடியே. வேகமும் சராசரியிலும் பத்து மைல் அளவிற் குறைவு. ஆயினும் 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், மூன்று வெவ்வேறு அணிகளுக்கு ஆடி, தமது லீக்கின் சிறந்த துடுப்பாட்டச் சராசரியை அவரே பெற்றார். 2024 ஆம் ஆண்டு முழுவதிலும் பந்தைத் தவறவிட்டு அவர் ஆட்டமிழந்தது 29 தடவைகளே. அதற்கு எதிர்க்கோடியில் ஜியன்கார்லோ ஸ்ரான்ரன். 8 அடிக்கு மேற்பட்ட வீச்சு, மணிக்கு 80 மைலுக்கு மேற்பட்ட வேகம். 2017 இல் 59 முறை பந்தை எல்லை கடக்கச் செய்தவர். ஆனால் தவறவிடுவதும் மிகுதி.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. பந்தை உடம்புக்கு வெகு முன்னாலே சந்திப்பவரின் துடுப்பு இயல்பாகவே கூடிய தூரம் ஓடியிருக்கும். ஆகவே அடிக்கணக்கு மாத்திரம் ஒருவரைக் குற்றவாளியாக்காது. தேவைக்கு வேண்டிய நீளம் நீளமே. தேவையற்ற நீளந்தான் மிகை. பெரிய உடம்பும் பெரிய வலிமையும் உடையவர் சிறிது காலத்தைச் செலவிட்டு வேகத்தை வாங்கிக்கொள்கின்றார். அது அவர் அறிந்து செய்யும் வியாபாரம். அறியாமல் காலத்தை இழப்பவருக்கோ கைம்மாறாக ஒன்றும் கிடைப்பதில்லை.

மண்டபத்தை விட்டு வெளியேறுமுன் இன்னொரு தகட்டின் முன்னே சற்று நின்றோம். ஜோஷ் கிப்சன். கறுப்பினத்தவர் பெரிய லீக்குகளில் ஆட இடந்தராத காலத்தில், அவர்களுக்கென்று அமைந்த லீக்குகளில் ஆடிய பெருவீரர். காலை ஏறக்குறைய எடுத்துவைக்காமலே, குறுகிய வீச்சினால் அவர் பந்தை வெகு தூரம் அனுப்பியதைக் கண்டோர் வியந்து கூறியிருக்கின்றனர். 1947 சனவரியில், தமது 35 ஆவது வயதில் அவர் காலமானார். மூன்று மாதங்களுக்குள், அதே ஆண்டு ஏப்பிரல் 15 இல், ஜக்கி ரொபின்சன் அந்த இனத்தடையை உடைத்துக்கொண்டு மைதானத்துள் இறங்கினார். 1966 இல் தாம் இம்மண்டபத்திற் சேர்க்கப்பட்ட நாளன்று டெட் வில்லியம்ஸ் ஆற்றிய உரையில், கிப்சன், சச்சல் பேஜ் போன்றோருக்கும் இங்கே இடமளிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். பேஜ் 1971 இலும், கிப்சன் 1972 இலும் சேர்க்கப்பட்டனர். தம் வீச்சினால் ஒவ்வொரு பந்திலும் காலத்தை மிச்சப்படுத்திய மனிதருக்கு, அவருடைய காலம் மூன்று மாதத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

பிற்பகலிற் சிறுவர்களின் ஆட்டம் நடைபெற்றது. முதல்நாள் மாலையிற் கண்ட சிறுவனின் பெயர் பட்டியலின் கடைசியில் எழுதப்பட்டிருந்தது. முதன்முறை ஆடச் சென்றபோது வழக்கம்போலத் தவறவிட்டான். இரண்டாம் முறை, குட்டைத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதற் பந்தை அடிக்காமல் விட்டான். இரண்டாவதையும் விட்டான். அவன் விட்டதைக் கண்டு பயிற்றுநர் தலையசைத்ததை நாம் கவனித்தோம். மூன்றாவது பந்தை அடித்தான். அது எல்லையைக் கடக்கவில்லை, மேலே எழவுமில்லை. இரு களத்தடுப்பாளருக்கிடையே நிலத்தோடு உருண்டு சென்றது. அவன் ஓடி முதலாந் தளத்தில் நின்றான். அவனுடைய அணி அன்று தோற்றுப்போயிற்று. தகப்பனார் மகனுடைய பையைத் தூக்கித் தோளிற் போட்டுக்கொண்டு, பெரிய துடுப்பை மற்றக் கையிற் பிடித்தபடி, அவனோடு பேசிக்கொண்டே நடந்து போனார்.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் துடுப்பு வாங்கும் பெற்றாரும், பாடசாலைகளிற் பயிற்றும் ஆசிரியர்களும் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை எவ்வளவு பலமாக வீசுகின்றான் என்று பார்க்குமுன், எவ்வளவு நேரம் பார்த்தபின் வீசுகின்றான் என்று பாருங்கள். துடுப்பை இன்றைய கைக்கு ஏற்றதாக வாங்குங்கள். நாளைய கைக்கு நாளை வாங்கலாம்.

மாலையில் ஊரை விட்டுப் புறப்பட்டோம். ஏரியிலிருந்து நதி புறப்படும் பாலத்தின்மேல் மாணாக்கர் வண்டியைச் சிறிது நிறுத்தினார். கீழே நீர் குறுகிய கரைகளுக்கிடையே சத்தமின்றி நழுவிக்கொண்டிருந்தது. ஒரு சிறுவன் கரையில் நின்று மறுகரைக்குக் கல்லெறிந்து கொண்டிருந்தான். அவன் எறிந்த கற்கள் யாவும் மறுகரையைத் தாண்டியே விழுந்தன.